இருதய ரேகையை வாசிக்கும் இயந்திரம்

முதியவர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னே தீப்பெட்டியினும் மெல்லியதொரு சிறு தகடு இருக்கிறது. அதன் மேல் இரு கைகளின் விரல்களையும் வைத்து, அசையாமல் அரை நிமிடம் இருக்கிறார். பக்கத்திலுள்ள கைத்தொலைபேசியின் முகத்தில் ஒரு கோடு ஏறியும் இறங்கியும் ஓடுகிறது. அரை நிமிடம் கழிந்ததும் கோடு நிற்கிறது. அதன் கீழே, துடிப்பு ஒழுங்காக இல்லை, வைத்தியரைக் காண்க என்னும் கருத்துடைய வாசகம் ஒன்று தோன்றுகிறது. அங்கே வைத்தியரும் இல்லை; தாதியும் இல்லை. கோட்டை வரைந்ததும் கருவி, வாசித்ததும் கருவி, தீர்ப்புச் சொன்னதும் கருவி.

இத்தகைய காட்சி இன்று உலகின் பல நாடுகளில் நாள்தோறும் நிகழ்கின்றது. சிலர் தகட்டுக்குப் பதிலாகக் கைக்கடிகாரத்தைப் பயன்படுத்துகின்றனர். அத்தகடு உண்மையிற் கண்டது எதனை? வைத்தியர் பல்லாண்டு பயின்று பெறும் வாசிப்புத் திறனை இயந்திரம் எவ்வாறு பெற்றது? அது சொல்லும் சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்தவருக்கு இக்கருவி நல்ல துணைவன். அறியாதவருக்கோ, சில வேளைகளில், இது உயிருக்கே கேடு சூழும் துணையாகவும் முடியலாம். ஆதலின் இன்று இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

இருதயம் ஒரு தசைப் பை. அதில் மேலறைகள் இரண்டும் கீழறைகள் இரண்டும் உள. மேலறைகள் குருதியை ஏற்றுக் கீழறைகளுக்கு அனுப்புகின்றன. கீழறைகள் அதனை நுரையீரலுக்கும் உடல் முழுவதற்கும் செலுத்துகின்றன. நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கும் இருதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னே ஒரு மின்கட்டளை பிறக்கின்றது. வலது மேலறையின் உச்சியிலுள்ள சிறியதொரு கலத்தொகுதியே அக்கட்டளை பிறக்கும் இடம். அங்கிருந்து அது மேலறைகள் இரண்டிலும் பரவி, நடுவேயுள்ள கணுவொன்றில் நொடிப்பொழுது தாமதித்து, பின் கீழறைகளுக்குள் விரைந்து பாய்கின்றது. அந்தத் தாமதம் வீணன்று. மேலறைகள் தம் குருதியை முற்றாகக் கொடுத்து முடிக்கும்வரை கீழறைகள் பொறுத்திருத்தற்கு அமைந்த ஏற்பாடு அது.

உடலின் திசுக்கள் உப்புநீர் ஊறியவை. உப்புநீர் மின்னைக் கடத்தும். ஆகவே இருதயத்தில் எழும் மின்னலையின் சாயல் தோலின் மேலும் தோன்றுகின்றது. அதன் அளவு மிகச் சிறிது: ஏறத்தாழ ஒரு மில்லிவோற்று, அதாவது ஒரு வோற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனைப் பெருக்கித் தாளில் வரைந்தால் கிடைப்பதே இருதய மின்வரைபு. மேலறைகளில் மின் பரவும்போது சிறு மேடொன்று எழும். அதனைப் ‘பி’ அலை என்பர். கீழறைகளில் பரவும்போது கூரிய கோபுரம் போன்ற ‘கியூ-ஆர்-எஸ்’ தொகுதி எழும். கீழறைகள் தம் பழைய மின்னிலைக்குத் திரும்பும்போது அகன்ற ‘ரி’ அலை தோன்றும். தாள் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வீதம் ஓடுவதால், அதிலுள்ள ஒவ்வொரு சிறு கட்டமும் 0.04 செக்கனைக் குறிக்கும். மேட்டின் உயரம் மின்னின் வலிமையைக் காட்டும். இடைவெளி காலத்தைக் காட்டும். இவ்விரண்டையும் அளந்தே வைத்தியர் நோயை உய்த்தறிகின்றார்.

மனித இருதயத்தின் மின்வரைபை முதன்முதல் பெற்றவர் ஒகஸ்டஸ் வாலர் என்பார். இலண்டனிலுள்ள சென் மேரிஸ் வைத்தியசாலையில் 1887ஆம் ஆண்டு அவர் இதனைச் செய்தார். பின்னர்த் தம் வளர்ப்பு நாயாகிய ஜிம்மியின் கால்களை உப்புநீர்ப் பாத்திரங்களில் வைத்து, அதன் இருதய மின்னைக் கற்றோர் அவையிற் காட்டுவது அவர் வழக்கம். 1909ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றத்தில், இது விலங்குக்கு இழைக்கும் கொடுமையன்றோ என வினா எழுந்தது. நாய் நின்றது சாதாரண உப்பிட்ட நீரிலே எனவும், கடலோரத்திற் காலை நனைப்பவர் எவரும் அறிந்த அனுபவம் அது எனவும் அமைச்சர் விடையிறுத்தார்.

வாலர் பயன்படுத்திய கருவி மந்தமானது. விரைந்து எழுந்து விழும் அலைகளை அது தெளிவாகக் காட்டவில்லை. அக்குறையைத் தீர்த்தவர் வில்லெம் ஐந்தோவன். அவர் 1860இல் யாவாத் தீவின் செமராங் நகரிற் பிறந்து, ஒல்லாந்து தேசத்து லைடன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர். வெள்ளி பூசிய நுண்ணிய படிக இழையொன்றை வலிய காந்தத்தின் முனைகளுக்கிடையே தொங்கவிட்டு, இருதய மின் அதனூடு பாயும்போது இழை அசைவதை ஒளிப்படமாக்கும் ‘இழைக் கல்வனோமானி’யை அவர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்கினார். அக்கருவியின் நிறை ஏறத்தாழ 270 கிலோகிராம். அதனை இயக்க ஐவர் வேண்டும். காந்தம் சூடேறாதிருக்க நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நோயாளரோ இரு கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்ப் பாத்திரங்களில் இட்டு அமர்ந்திருப்பார். அலைகளுக்குப் ‘பி’ முதல் ‘ரி’ வரை பெயரிட்டவரும் இவரே. இப்பணிக்காக 1924ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இவர் வரலாற்றில் நம் பொருளுக்கு மிக நெருங்கிய செய்தியொன்று உண்டு. அத்துணைப் பாரமான கருவியை வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லல் இயலாது. கடும் நோயாளரை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவருதலும் எளிதன்று. ஆகவே 1905ஆம் ஆண்டு ஐந்தோவன் தொலைபேசிக் கம்பி வழியாக, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த வைத்தியசாலையின் நோயாளருடைய இருதய மின்னைத் தம் ஆய்வுகூடத்துக்கு வரவழைத்துப் பதிவு செய்தார். நோயாளர் ஓரிடத்திலும் வாசிப்பவர் வேறிடத்திலும் இருக்கலாம் என்னும் எண்ணம் அன்றே செயலாயிற்று. திண்ணையில் இருக்கும் நம் முதியவரின் தகடு வலக்கைக்கும் இடக்கைக்கும் இடையேயுள்ள மின்வேறுபாட்டையே அளக்கின்றது. ஐந்தோவன் தாம் வகுத்த மூன்று பார்வைகளுள் முதலாவதாக வைத்ததும் அதுவே. பாத்திரங்கள் போய்த் தகடு வந்தது. அளக்கப்படும் பொருள் மாறவில்லை.

‘பார்வை’ என்றேன். வைத்தியர் இதனை ‘லீட்’ என்பர். தேர் வீதிவலம் வரும்போது கிழக்கு வீதியில் நிற்பவர் அதன் ஒரு பக்கத்தைக் காண்பார். தெற்கு வீதியில் நிற்பவர் வேறு பக்கத்தைக் காண்பார். அதுபோல, உடலில் மின்வாய்களை வைக்கும் இடத்துக்கேற்ப இருதயத்தின் வேறு வேறு பக்கங்கள் புலனாகும். ஐந்தோவன் கைகால்களிலிருந்து மூன்று பார்வைகளை எடுத்தார். 1930களில் மார்பின் மேல் மின்வாய்களை வைத்து எடுக்கும் ஆறு பார்வைகள் வழக்கில் வந்து, 1938இல் முறைப்படுத்தப்பட்டன. 1942இல் கைகாற் பார்வைகள் மேலும் மூன்று சேர்ந்தன. ஆக மொத்தம் பன்னிரண்டு. இன்றும் வைத்தியசாலையில் நோயாளரைப் படுக்கவைத்துப் பத்து மின்வாய்களை ஒட்டி எடுக்கும் முழு மின்வரைபு இதுவே.

பன்னிரண்டும் தேவைதானா? ஒன்று போதாதா? இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை இருக்கின்றது. மண்டபத்துக்கு வெளியே நின்று மத்தள ஓசையைக் கேட்பவன், தாளம் தவறியதை உடனே அறிவான். ஆனால் மத்தளத்தின் தோல் எவ்விடத்திற் கிழிந்தது என்பதை அவன் அங்கே நின்று அறியமாட்டான். உள்ளே வந்து பல பக்கமும் பார்த்தாலே அறிவான். இருதய நோய்களிலும் இவ்விரு வகை உண்டு. துடிப்பின் ஒழுங்கு குலைதல் காலத்தைப் பற்றிய நோய். அதனை அறிய ஒரு பார்வையே பெரும்பாலும் போதும். மாரடைப்போ இடத்தைப் பற்றிய நோய். இருதயத் தசைக்குக் குருதி கொடுக்கும் நாடிகளுள் ஒன்று அடைபட்டுத் தசையின் ஒரு பகுதி மடிகின்றது. அப்பகுதியை நேர்நோக்கும் பார்வைகளிலேயே அதன் அடையாளம் தோன்றும். மற்றவற்றில் தோன்றாமலும் போகலாம். எளிமையாக்கப்பட்ட கருவியின் வலிமையும் வறுமையும் இவ்வொரு வேறுபாட்டில் அடங்கியுள்ளன.

முதலில் வலிமையைக் காண்போம். துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் நோய்களுள் முதியோரிடம் மிகுதியாகக் காணப்படுவது மேலறை நடுக்கம். இந்நோயில் மேலறைகள் ஒரே கட்டளைக்கு அடங்கிச் சுருங்காமல், நிமிடத்துக்கு முந்நூற்றுக்கு மேற்பட்ட ஒழுங்கற்ற மின்னலைகளால் நடுங்கிக்கொண்டிருக்கும். குருதி அங்கே தேங்கும்; தேங்கிய குருதி கட்டியாகும்; அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பாரிசவாதம் உண்டாகும். இந்நோயுடையோர்க்குப் பாரிசவாதம் வரும் அபாயம் மற்றவரிலும் ஏறத்தாழ ஐந்து மடங்கு. குருதி கட்டியாதலைத் தடுக்கும் மருந்து அவ்வபாயத்தை மூன்றில் இரண்டு பங்களவு குறைக்கும். ஆயின் இந்நோய் சிலரிடம் வந்து வந்து மறையும். நெஞ்சு படபடப்பதாக உணராதவரும் பலர். வைத்தியசாலையிற் பத்துச் செக்கன் எடுக்கும் முழு மின்வரைபில் அது அகப்படாமல் நழுவலாம். முழுமையான ஒரு கணப் பார்வையிலும், குறைவான ஆனால் நீண்ட பார்வையே இங்கு மேலானது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மொன்ரானா மாநிலத்து நோர்மன் ஹோல்டர் இதனை உணர்ந்தார். நடமாடும் மனிதரின் இருதய மின்னைப் பதிவு செய்ய அவர் அமைத்த முதற்கருவி முதுகிற் சுமக்கும் மூட்டை. நிறை ஏறத்தாழ 38 கிலோகிராம். 1961இல் தம் முறையை அவர் விரிவாக வெளியிடும்போது, கருவி உடையில் வைத்துச் செல்லத்தக்க அளவுக்குச் சிறுத்திருந்தது. ஆனால் வேறொரு தொல்லை எழுந்தது. ஒரு நாளில் ஓர் இலட்சம் துடிப்பு. அவ்வளவையும் கண்ணால் வாசிப்பவர் யார்? வாசிக்கும் இயந்திரம் தேவைப்பட்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கணினிக்கு மின்வரைபை வாசிக்கக் கற்பிக்கும் முயற்சி 1950களின் பிற்பகுதியிலேயே வாஷிங்டன் நகரிற் தொடங்கியது. அங்கே ஹியூபேட் பிப்பேர்கரும் அவர் துணைவரும் அலைகளைக் கணினி தானே கண்டறியும் முறையை 1961இல் வெளியிட்டனர். அக்கால முறை விதிமுறை. இத்தனை செக்கனுக்கு மேல் அகன்றால் இந்நோய், இத்தனை மில்லிவோற்றுக்கு மேல் உயர்ந்தால் அந்நோய் என வைத்தியர் அறிந்த விதிகளையெல்லாம் கணினிக்கு எழுதிக் கொடுத்தனர்.

விதிமுறையின் அழகை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1985இல் பான், தொம்கின்ஸ் என்னும் இருவர் துடிப்பின் கூரிய கோபுரத்தைக் கண்டுபிடிக்கும் முறையொன்றை வகுத்தனர். முதலில், மூச்சினால் வரும் மெல்லிய ஊசலையும் தசை நடுக்கத்தால் வரும் சிறு அதிர்வையும் வடிகட்டி நீக்குவர். அடுத்து, கோடு ஒவ்வொரு கணத்திலும் எவ்வளவு செங்குத்தாக ஏறுகின்றது என்று அளப்பர். பின் அவ்வளவைத் தன்னாலேயே பெருக்குவர். பத்து மடங்கு செங்குத்தானது அப்போது நூறு மடங்கு பெரிதாகத் தோன்றும். மெல்லச் சரியும் அலைகள் மறைந்து கோபுரம் மட்டும் தலைநிமிர்ந்து நிற்கும். இம்முறை, சோதனைக்கு எடுத்த பதிவுகளில் 99.3 சதவீதமான துடிப்புகளைச் சரியாகக் கண்டது. கோபுரங்களைக் கண்டபின் அவற்றின் இடைவெளிகளை அளத்தல் எளிது. இடைவெளிகள் எவ்வித ஒழுங்குமின்றி மாறி, ‘பி’ மேடும் காணப்படாதாயின் அது மேலறை நடுக்கம் என்று கணினி கூறும்.

விதிமுறை எவ்வளவு தூரம் சென்றது? 1991இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று இதனை அளந்தது. 1,220 பேருடைய மின்வரைபுகளை ஒன்பது கணினி நிரல்களும் எட்டு இருதயநோய் நிபுணரும் தனித்தனியே வாசித்தனர். மின்வரைபைச் சாராத வேறு சான்றுகளால் நோய் இன்னதென முன்பே அறியப்பட்டிருந்தது. மொத்தச் சரிநிலையில் நிரல்களின் நடுவளவு 69.7 சதவீதம், நிபுணரின் நடுவளவு 76.3 சதவீதம். இயந்திரம் பின்தங்கியது உண்மை. ஆயினும் நிபுணரும் நூற்றுக்கு நூறு பெறவில்லை என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். கோடு மட்டும் கொண்டு எல்லா நோயையும் அறிதல் மனிதருக்கும் இயலாததே.

அதன்பின் முறை மாறியது. ஓலைச்சுவடி வாசிக்கப் பழகும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள். ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலத் தோன்றும். ஆசான் விதி சில சொல்லலாம். ஆனால் நூற்றுக்கணக்கான ஏடுகளை வாசித்து, பிழை விடுந்தோறும் திருத்தப்பெற்று, அதனாலேயே மாணவன் கண் பழகுகின்றது. ‘நரம்பு வலை’ எனப்படும் புதிய கணிப்பு முறையும் இவ்வாறே கற்கின்றது. மின்வரைபை அதன் முன் வைப்பர். அது ஒரு விடை சொல்லும். நிபுணர் எழுதிவைத்த விடையோடு ஒப்பிட்டு, எவ்வளவு தவறியதோ அவ்வளவுக்கு அதன் உள்ளேயுள்ள இலட்சக்கணக்கான எண்களைச் சிறிது சிறிது மாற்றுவர். இதனைப் பல்லாயிரம் பதிவுகளில் திரும்பத் திரும்பச் செய்தபின், எவரும் எழுதிக் கொடுக்காத அடையாளங்களையும் அது தானே கண்டுகொள்கின்றது.

இதற்கு வேண்டியவை விடையோடு கூடிய ஏடுகள். பொஸ்டன் நகரத்து வைத்தியசாலையொன்றில் 1975 முதல் 1979 வரை எடுத்த பதிவுகளிலிருந்து, அரைமணி நேர அளவுடைய 48 துண்டுகளைத் தேர்ந்து, ஏறத்தாழ 110,000 துடிப்புகளுக்கும் ஒவ்வொன்றாக நிபுணர் பெயரிட்டனர். மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தோடு இணைந்து உருவாகி 1980 முதல் வழங்கப்பட்ட இத்தொகுதியே பின்வந்தோர்க்கெல்லாம் உரைகல்லாயிற்று. பான், தொம்கின்ஸ் முறை உரைக்கப்பட்டதும் இதிலேயே.

2017இல் உலகளாவிய போட்டியொன்று நடைபெற்றது. நம் முதியவருடையது போன்ற விரற்றகட்டில், ஒரே பார்வையில் எடுத்த 8,528 குறும்பதிவுகளைப் போட்டியாளருக்குப் பயிற்சிக்கு வழங்கினர். ஒழுங்கான துடிப்பு, மேலறை நடுக்கம், வேறு ஒழுங்கீனம், வாசிக்க முடியாத கலக்கம் என நான்காகப் பிரிக்கவேண்டும். நிறைவான மதிப்பு 1 எனக் கொண்டால், வென்றோர் பெற்றது 0.83. 2019இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தார், மார்பில் ஒட்டும் ஒற்றைப் பார்வைக் கருவியால் 53,549 பேரிடமிருந்து எடுத்த 91,232 பதிவுகளைக் கொண்டு நரம்பு வலையொன்றைப் பயிற்றினர். பன்னிரண்டு வகைத் துடிப்புகளைப் பிரிப்பதில் அது 0.837 பெற்றது; ஒப்பிடப்பட்ட நிபுணரின் சராசரி 0.780. தாளம் அறிவதில் இயந்திரம் மனிதரைத் தொட்டுவிட்டது என்று துணிந்து கூறலாம். 2021இல், பன்னிரண்டுக்குப் பதில் இரண்டு பார்வை போதுமா என்பதையே வினாவாக வைத்து இன்னொரு போட்டி நடந்தது. பயிற்சிக்குக் கொடுத்த பதிவுகள் 88,253. சீனா, ஜேர்மனி, ருசியா, அமெரிக்கா முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே கேட்கப்பட்ட நோய்நிலைகளில், பார்வைகளைக் குறைத்ததால் நேர்ந்த இழப்புச் சிறிதே எனக் கண்டனர்.

நேயர்களே, இதுவரை கேட்டது வெற்றியின் கதை. இனி, எச்சரிக்கைக்குரிய மூன்றினைக் கூறுகிறேன்.

முதலாவது, கணக்கு. கருத்துக்காக ஒரு கருவியை எண்ணிக்கொள்வோம். நோயுள்ள நூறு பேரில் 95 பேரை அது கண்டுபிடிக்கும். நோயற்ற நூறு பேரில் ஐவரை மட்டும் தவறாக நோயாளர் என்னும். சிறந்த கருவியன்றோ? இதனை, ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கே நோயுள்ள ஒரு கூட்டத்திற் பயன்படுத்துவோம். அப்பத்துப் பேரில் ஒன்பதின்மரையோ பதின்மரையோ அது பிடிக்கும். மற்ற 990 பேரில் ஏறத்தாழ ஐம்பதின்மரையும் வீணே பிடிக்கும். எச்சரிக்கை பெற்ற அறுபதின்மரில் உண்மையான நோயாளர் ஆறில் ஒரு பங்கினரே. அதே கருவியை, ஆயிரத்தில் ஐந்நூற்றுவர் நோயுடைய கூட்டத்திற் பயன்படுத்தினால், எச்சரிக்கை பெற்ற இருபது பேரில் பத்தொன்பது பேர் உண்மை நோயாளராவர். கருவி மாறவில்லை, கூட்டம் மாறியது. ஆகவே நோய்க்குறி எதுவுமில்லாத இளைஞர் ஒருவர்க்கு எச்சரிக்கை வந்தால் நடுங்க வேண்டுவதில்லை. மறுபரிசோதனை செய்வித்தலே முறை.

இரண்டாவது, கண்டறிதல் வேறு, காப்பாற்றுதல் வேறு. சுவீடன் நாட்டில் 75, 76 வயதுடைய 28,768 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரைப் பரிசோதனைக்கு அழைத்தனர். முதற்பதிவில் நோய் தென்படாதோர் இரு கிழமை வரை நாளுக்கு இரு முறையேனும் கைக்கருவியால் மின்வரைபு எடுத்தனர். 2021இல் வெளிவந்த முடிவு, அழைக்கப்பட்ட பகுதியினர்க்குச் சிறிதளவு நன்மையைக் காட்டியது. ஆனால் அழைக்கப்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேரே வந்திருந்தனர். அதே ஆண்டில் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வோ 6,004 முதியோரைப் பற்றியது. தோலின் கீழ்ப் பதித்த கருவியால் ஓயாது கவனிக்கப்பட்டவரிடம் மேலறை நடுக்கம் ஏறத்தாழ மூன்று மடங்கு கண்டறியப்பட்டது. எனினும் பாரிசவாதம் ஐயத்துக்கிடமின்றிக் குறைந்ததென்று கூற இயலவில்லை. நொடிப்பொழுது வந்து போகும் நடுக்கமெல்லாம் மருந்து வேண்டும் நோய்தானா என்பது இன்றும் நிபுணரிடையே ஆராய்ச்சிக்குரியதாகவே உள்ளது.

மூன்றாவதே தலையாயது. ஒருவர்க்கு நடு இரவில் நெஞ்சு இறுகி நோகின்றது, வியர்வை பெருகுகின்றது, நோவு இடத்தோளுக்கும் தாடைக்கும் பரவுகின்றது. அவர் தம் கைக்கடிகாரத்தில் விரலை வைக்கிறார். துடிப்பு ஒழுங்காக உள்ளது என்று அது சொல்கின்றது. அது பொய் சொல்லவில்லை. தாளம் உண்மையில் ஒழுங்காகவே இருக்கலாம். ஆனால் அவர் கேட்ட வினா வேறு. கருவி விடை கூறிய வினா வேறு. நாடி அடைபட்டுத் தசை மடியத் தொடங்கும் வேளையிலும் தாளம் தவறாதிருக்கலாம். இத்தகைய கடிகாரங்கள் மாரடைப்பைக் கண்டறியா என்பதை அவற்றைச் செய்வோரே அறிவிக்கின்றனர். வைத்தியசாலையின் பன்னிரு பார்வை மின்வரைபிலும் தொடக்கத்தில் ஒன்றும் தோன்றாமற் போவதுண்டு. அதனாலேயே வைத்தியர் அதனை மீண்டும் மீண்டும் எடுத்தும் குருதியைச் சோதித்தும் பார்க்கின்றனர். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் தசை மடிகின்றது. அந்நேரத்தில் ‘ஒழுங்கு’ என்னும் ஒரு சொல்லை நம்பி விடியும்வரை காத்திருத்தல் உயிரைப் பணயம் வைத்தலாகும். நெஞ்சு நோவு வந்தவருக்குக் கடிகாரம் அன்று, வைத்தியசாலையே வேண்டும்.

அப்படியாயின் இயந்திர வாசிப்புக்கு உரிய இடம் யாது? பிரேசில் நாட்டின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலம் இதற்கு விடை காட்டுகின்றது. பரந்த அம்மாநிலத்தில் நிபுணர் இல்லாத ஊர்கள் பல. 2005 முதல் அங்கே தொலைவைத்திய வலையமைப்பொன்று இயங்குகின்றது. சிற்றூர் நிலையங்களில் எடுத்த மின்வரைபுகளைத் தொலைவிலிருக்கும் வைத்தியர் வாசித்து விடையனுப்புவர். 811 ஊராட்சிப் பகுதிகளிலிருந்து அவ்வாறு திரண்ட இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கொண்டு பயிற்றிய நரம்பு வலையொன்றை 2020இல் அவர்கள் வெளியிட்டனர். ஆறு வகை மாறுபாடுகளை அறிவதில் அது பயிற்சி வைத்தியரை ஒத்தும் விஞ்சியும் நின்றது. ஐந்தோவன் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு இழுத்த கம்பியின் வழித்தோன்றலே இது. குவிந்து கிடக்கும் பதிவுகளுள் எது அவசரமானது, எது பொறுக்கத்தக்கது என்று பிரித்து வைத்தியர் முன் வைக்கும் முதல் வாசகனாக இயந்திரம் நிற்குமாயின், அதனால் விளையும் நன்மை பெரிது.

இனி, திண்ணையில் இருக்கும் முதியவரிடம் திரும்புவோம். அவர் செய்யவேண்டுவது என்ன? விரல் நனைந்திருந்தாலும் கை நடுங்கினாலும் கோடு கலங்கும். ஆகவே கையைத் துடைத்து, மேசைமேல் ஊன்றி, மீண்டும் ஒரு முறை எடுக்கட்டும். கருவி காட்டிய வாசகத்தை மட்டுமன்றி, கோட்டையும் சேமித்து வைத்து வைத்தியரிடம் எடுத்துச் செல்லட்டும். வைத்தியர் அவர் மணிக்கட்டிற் கைவைத்து நாடி பார்ப்பார். வயதும் குருதியழுத்தமும் முன்னைய நோய்களும் கேட்பார். பன்னிரு பார்வை மின்வரைபும் எடுப்பிப்பார். மேலறை நடுக்கமே என்று தெளிந்தால், உரிய மருந்து அவரைப் பாரிசவாதத்திலிருந்து காக்கக்கூடும். தம்மால் உணரப்படாத நோயொன்றை அரை நிமிடத்தில் அறிந்துகொண்டமைக்கு அவர் அச்சிறு தகட்டுக்கு நன்றி சொல்லலாம்.

இயந்திரம் சொல்வதைக் கேட்பதற்கு முன்னே, நாம் அதனிடம் கேட்ட வினா என்ன என்பதை நினைவிற் கொள்வோமாக. தாளத்தைப் பற்றிக் கேட்டால் அது நன்றாகவே விடை கூறும். தோலின் கிழிசலைப் பற்றிக் கேட்பதாயின், மண்டபத்தினுள்ளே சென்று பார்க்கக்கூடியவரையே நாடுதல் வேண்டும்.